மேடையில் ஏற்றுவதற்கு முன்னால்

சென்னிமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. குழித்தறியில் இறங்க வேண்டாம் என்றால் கேட்பதில்லை, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். ஃபோன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். கூப்பிட்டால் 'க்ளாஸில் இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்' என்கிறாய். ஆடிப் பதினெட்டுக்குச் சொன்ன அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. காகிதம் என்றால் க்ளாஸ் முடிந்த பிறகு படித்துக்கொள்ளலாம் பார்.

நீ அனுப்பின வீடியோவை நாலு தடவை பார்த்தேன். எத்தனை பெரிய அரங்கம், எண்ணூறு பிள்ளைகளாவது இருக்கும். தொழில் தொடங்குவது பற்றிப் பேச வந்தவரை வரவேற்று, நீ மைக்கைப் பிடித்து, காகிதத்தைப் பார்க்காமல் இங்கிலீஷில் பேசினாய். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பெட்ஷீட் சொசைட்டிக்குப் போய் அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார். அந்த மாம்பழக் கலர் சேலை நான் எடுத்துக் கொடுத்ததுதானே? உனக்கு எடுப்பாக இருந்தது. கழுத்துதான் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. இப்போதெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் மஞ்சள் கயிற்றோடு போகிறார்களாம், சித்தி மருமகள் சொன்னாள். சரி.

மூன்றாவது வரிசை ஓரத்தில் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் பேனரில் புதன்கிழமை, காலை பத்தரை மணி என்று இருந்தது. அவருக்கும் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

நான் எழுத வந்தது கிழக்கு வீட்டுப் பையனைப் பற்றி. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் அவன் அம்மா வந்து உட்கார்ந்துகொண்டாள். காப்பி கொடுத்தேன், ஆறிப்போகும் வரைக்கும் குடிக்கவில்லை. பையன் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுக்கவில்லையாம். அடுத்தவன் கனவுக்கு நான் கூலி வாங்கமாட்டேன் என்கிறானாம். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை. உன் வீடியோவில் பத்தாவது நிமிஷமோ என்னமோ அந்தப் பேச்சாளர் கையை வீசிச் சொன்னாரே, பிள்ளைகள் எழுந்து நின்று விசில் அடித்தார்களே, அதுதான்.

அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. 'உங்க புள்ள வாத்தியாரா இருக்கற காலேஜுன்னுதானக்கா சேர்த்தோம்' என்று மட்டும் சொன்னாள். குறை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர்கள் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்க வைக்கிறார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் போனால் தவணை கட்ட வேண்டும். அந்த மனிதர் ஒரு மணி நேரம் பேசினார், தவணை என்ற சொல் அவர் வாயில் வந்ததா? நாலு தடவையும் காது கொடுத்துக் கேட்டேன், வரவில்லை.

உன் கஷ்டமும் எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு வந்தபோது அடுப்படியில் நின்று சொன்னாயே. காலேஜ் பிள்ளைகளிடம் புதுத்தொழில் எண்ணத்தை வளர்க்க 2018-இல் டெல்லியில் ஆரம்பித்த அந்தக் கவுன்சிலுக்கு மூன்று மாதத்துக்கு இத்தனை நிகழ்ச்சி என்று நடத்திக் காட்ட வேண்டும், ஃபோட்டோவோடு ஏற்ற வேண்டும், அதை வைத்து நட்சத்திரம் கொடுப்பார்கள் என்று. பிரின்சிபாலுக்கு நட்சத்திரம் வேண்டும், பொறுப்பு உன் தலையில். பேச்சாளரைக் கூப்பிட்டால் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, ஒரு மணி நேரம், அரங்கம் நிறைந்த ஃபோட்டோ. வேலை முடிந்தது. எங்கள் மகளிர் குழுவிலும் இதுதானே? தர மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால், நடக்காத கூட்டத்துக்கும் தீர்மான நோட்டில் கையெழுத்து இருக்கும். உன்னை நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் யாரை ஏற்றுகிறாய் என்று பார்த்து ஏற்று. அவர் நடத்தும் தொழில் எது, அதில் போன வருஷம் என்ன மிஞ்சியது, கணக்கைக் கேள்.

அவர் சொன்ன கதைகளையே எடுத்துக்கொள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்கிற சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பித்தவர் வேலையை உதறிவிட்டு வந்தார், 2021-இல் கம்பெனியை அமெரிக்கப் பங்குச் சந்தையில் சேர்த்து மணி அடித்தார் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற சித்தி பேரனிடம் கேட்டேன். அவர் அதற்கு முன்னால் ஸோஹோ என்கிற இன்னொரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒன்பது வருஷம் போல வேலை பார்த்தவராம். 2010-இல் வெளியே வரும்போது அந்தத் தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்துகொண்டுதான் வந்தாராம். அந்த ஒன்பது வருஷத்தை முழுங்கிவிட்டு, உதறினதை மட்டும் சொன்னால் பிள்ளைகள் உதறத்தானே கற்றுக்கொள்வார்கள்?

ஜி.டி. நாயுடுவையும் விடவில்லை. பள்ளிக்கூடம் பிடிக்காமல் ஓடியவர், அவர் ஜெயிக்கவில்லையா என்றார். அப்பச்சி இருந்திருந்தால் எழுந்து சண்டைக்குப் போயிருப்பார். நாயுடு ஹோட்டலில் சப்ளையர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கு அக்காகப் பிரித்து மாட்டிப் பழகினவர். அதற்கப்புறம்தான் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1945-இல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பித்தபோது, நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி விலகினார் என்று அப்பச்சி சொல்லுவார். படிப்பு வேண்டாம் என்றா சொன்னார்? பிள்ளைகள் மிஷின் பக்கத்தில் நிற்கட்டும் என்றார். கையில் க்ரீஸ் படாமல் நாற்காலியில் உட்கார்ந்து விசில் அடிக்கச் சொன்னவர் இல்லை அவர்.

கடைசி ஐந்து நிமிஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். திரையில் ஒரு கட்டம் கட்டமான படம் வந்ததே, ஃபோனால் பிடிக்கச் சொன்னாரே. மூன்று நாள் பயிற்சி, நாற்பத்தைந்தாயிரம், இன்றைக்கே சேர்ந்தால் பாதி விலை. அம்மிணி, அவர் கடை அதுதான். அந்த ஒரு மணி நேரமும் கடைக்கு வெளியே அடிக்கிற தமுக்கு. அதை உங்கள் காலேஜ் மேடையில் நின்று அடித்தால் காலேஜே விற்கிற மாதிரிதான் எண்ணூறு வீட்டிலும் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கேட்க மாட்டாய், உனக்குக் கொட்டகை ஞாபகம் வரும். ஆனால் கொட்டகையைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும்.

ஈமுக் கோழிக் கம்பெனியில் ஒன்றரை லட்சம் கட்டினோம், ஆறு ஈமுக் குஞ்சு கொடுத்தார்கள், கொட்டகை அவர்களே போட்டார்கள், மாதம் ஆறாயிரம் வந்தது. அது உனக்குத் தெரியும். லீவில் வந்தால் அந்தப் பச்சை முட்டையைக் கையில் வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போவாய். நாலு மாதம் காசு சரியாக வந்ததும் கம்பெனிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். மகளிர் குழுவில் எனக்கு ஊக்குநர் என்றுதானே பெயர். நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்தவள், இருபது பெண்கள் என் பேச்சைக் கேட்பார்கள். பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டிருந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்க்கையில் முதல் பொன்னாடை. மைக்கைக் கொடுத்து, உங்கள் வெற்றிக் கதையைச் சொல்லுங்கள் என்றார்கள்.

சொன்னேன். தறிக்காரர் வீட்டுக்கு மாதம் ஆறாயிரம் சும்மா வருகிறது, பயப்படுகிறவன் பயந்துகொண்டே இருப்பான், துணிந்தவன் பிழைப்பான் என்று சொன்னேன். நானே யோசித்த வசனம்தான், யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. என்ன கைதட்டல் என்கிறாய். அப்புறம் இன்னும் இரண்டு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், இரண்டுக்கும் போனேன். ஈமு முட்டையை யார் வாங்குகிறார்கள் என்று எனக்கு ஒரு தடவை கூடக் கேட்கத் தோன்றவில்லை. கம்பெனி வாங்கியது. கம்பெனியிடம் யார் வாங்கினார்கள்? குஞ்சாக்கி அடுத்த ஆள் தலையில் கட்டினார்கள். அடுத்த ஆள் வருகிற வரைக்கும்தான் என் ஆறாயிரம். அடுத்த ஆளைக் கூட்டி வந்தவளே நான்தான்.

மேட்டுக்காட்டு அத்தை, மஞ்சள் நல்ல விலைக்குப் போன வருஷத்துக் காசு மூன்று லட்சத்தை அதில் போட்டாளே, அப்பா சொல்லித்தான் சேர்ந்தாள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு அவள் வராதபோது, 'உங்களாலதானப்பா' என்று மண்டபத்தில் வைத்துக் கேட்டாய். அவர் ஒன்றும் சொல்லாமல் பந்தி பார்க்கப் போய்விட்டார். அவள் இரண்டாவது கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து நான் பேசியதைக் கேட்டுச் சேர்ந்தவள். என் பேச்சைக் கேட்டு எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஐயாயிரம் எனக்குக் கொடுத்தார்கள். உன் மூன்றாம் வருஷக் கட்டணம் எவ்வளவு என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

2012 ஆகஸ்டில் கம்பெனியைப் பூட்டிக்கொண்டு போனார்கள். தீவனம் இல்லாமல் பறவைகள் கொட்டகைக் கம்பியைக் கொத்தின. கால்நடைத் துறைக்காரர்கள் வந்து தீவனம் போட்டார்கள். முதலீட்டாளர்களுக்காக 1997-இல் போட்ட சட்டத்தில் கேஸ் நடந்தது. நாங்களும் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சட்டத்துக் கேஸ்களைப் பார்க்கிற கோயமுத்தூர் டான்பிட் கோர்ட்டுக்கு நடந்தோம். கோர்ட் வராந்தாவில் அந்த எட்டுப் பேரில் ஐந்து பேரைப் பார்த்தேன். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. 'உங்களுக்கும் போச்சாக்கா' என்றார்கள். ஆமாம் என்றேன். நாற்பதாயிரத்தைச் சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கணக்கைக் கேள். அந்தப் பேச்சாளர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லையே, ஆறாயிரம் நிஜமாகத்தானே வந்துகொண்டிருந்தது.

காலேஜில் தொழில் பற்றிப் பேச யாரையும் கூப்பிடக் கூடாது என்று சொல்கிற அளவுக்கு நான் விவரம் கெட்டவள் இல்லை. ஈரோட்டில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது, அங்கே இருந்து ஆளைக் கூப்பிடு. நீட்ஸ் என்று ஒரு திட்டம், டாக்டருக்குப் படிக்க எழுதுகிற நீட் இல்லை, படித்த பிள்ளைகள் தொழில் தொடங்க மாநில அரசு கொடுப்பது. கால் பங்கு மானியம், சொந்தக் கையிலிருந்து பொதுப் பிரிவு என்றால் நூற்றுக்குப் பத்து, மற்றவர்கள் ஐந்து போட வேண்டும், மிச்சம் பேங்க். அந்தக் கைக்காசு எங்கிருந்து வரும் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும். ஒரு பேங்க் மேனேஜரைக் கூப்பிட்டு, எதற்கெல்லாம் கடனைத் தள்ளிவிடுவார் என்று சொல்லச் சொல். விசைத்தறிப் பட்டறையை மூடினவர்கள் இங்கே தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார்கள், நூல் விலை ஏறினபோது என்ன ஆனது என்று நோட்டோடு வந்து சொல்வார்கள். பொன்னாடை வேண்டாம், பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் போதும். விசில் வராது. ஃபோட்டோவுக்கு அரங்கமும் நிறையாது, அதுதான் உனக்குச் சிக்கல்.

என்னைக் கூப்பிடு என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். மேடையில் ஏற்றிவிட்டால் நான் கைதட்டலுக்குப் பேசிவிடுவேன். அந்த ருசி எனக்குத் தெரியும். கிழக்கு வீட்டுப் பையன் பொங்கலுக்கு வரும்போது திண்ணையில் உட்கார வைத்து நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரைக்கும் நீ அவனைக் கூப்பிட்டு, இன்டர்வியூவுக்குப் பெயராவது கொடுக்கச் சொல். திட்டாதே. கனவு கினவு என்று பேசினால் பேசட்டும், என்ன விற்கப் போகிறாய், யார் வாங்குவார்கள் என்று மட்டும் கேள். வீட்டிலும் யாராவது பேசினால் அதையே கேள்.

சொசைட்டியில் என் பெயரில் எழுபதாயிரம் கிடக்கிறது. கார்த்திகையில் முதிர்கிறது. எனக்கு அதற்கு ஒரு செலவும் இல்லை. அப்பாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் வட்டி ஏறுவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டால் நல்லது. கார்த்திகை வரைக்கும் தாங்காது என்றால் சொல், முன்னாடியே எடுக்கலாம், வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

தேங்காயெண்ணெய் ஐந்து லிட்டரும் புது மஞ்சள் தூளும் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். போன தடவை அனுப்பின டின்னைத் திருப்பி அனுப்பு, இங்கே டின் இல்லை. தைப்பூசத் தேருக்கு வருகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாய்.

மாப்பிள்ளையிடம் இந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டாம். அவர் கண்ணில் பட்டாலும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அம்மா