நெதர்லாந்தின் டெக்ஸல் தீவிலிருந்து தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

இங்கே பிஎச்.டி. சேர்வது எப்படி என்று நீ கேட்டதற்கு முதலில் பதில். இங்கே பிஎச்.டி. என்றால் படிப்பு இல்லை, வேலை. பெரும்பாலும் நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், வரிப்பிடித்தம்கூட உண்டு. ஆய்வு நிலையங்களே காலியிடம் அறிவிக்கும். முதுகலை முடித்தவர்கள் நேராக விண்ணப்பிக்கலாம். சீட் வாங்கித் தருகிறேன் என்று வந்த ஏஜெண்டிடம் நான் பணத்தைக் கொடுத்து ஏமாந்தது நைனாவுக்கு இன்னும் தெரியாது. சொல்லித் தொலைக்காதே.

நேர்காணலில் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏரிக்குள் வர வழியில்லை என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் நம் பாடு முறை, அதாவது ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் பகிர்ந்துகொண்டு முறை வைத்துச் சுத்துவலை கட்டுவது எல்லாம் சொன்னேன். அதற்கே அரை மணி நேரம் போயிற்று. 1932-ல் 32 கிலோமீட்டர் அணை கட்டி ஒரு வளைகுடாவையே அடைத்தவர்கள் இவர்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரானது, அங்கே முட்டையிட வந்த ஹெரிங் மீன் போயே போய்விட்டது. வாய் அடைபட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எங்கள் கடல் ஆய்வு நிலையம் 1876-ல் தொடங்கியது. கரையோரம் ஒரு வலை. 1960 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதில் விழும் மீனை எண்ணி எழுதி வருகிறார்கள். போன வாரம் எண்ணியது நான். கை விறைத்துவிட்டது, நண்டு கடித்ததுகூட உறைக்கவில்லை. தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய வரை சேறு. அதன்மேல் புழுக்கள் பிழிந்து வைத்த மண், அப்படியே அம்மாவின் இடியாப்பம். முழங்கால் வரை புதைந்து நடக்கும்போதெல்லாம், வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு ஏரியில் கையாலேயே இறால் தடவும் இருளர் அக்காக்கள் நினைவுதான்.

நெட் தேர்வையும் விடாதே. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கோவா, கொச்சி எங்கே வேண்டுமானாலும் சேரலாம். அதற்குள் ஒரு வேலை செய். முகத்துவாரம் எந்தெந்த வருஷம் அடைத்தது, எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்று நைனாவிடம் கேட்டு நோட்டில் எழுதி வை. ஆந்திராவில் தடா பக்கத்து மாமாவிடமும் கேள். ஏரியில் பெரும்பங்கு அவர்கள் பக்கம்தானே.

இன்னொன்று. எலும்புக்கூடு செதுக்கிய வாசல் உள்ள டச்சுக் கல்லறையில், நாம் ஏறிக் குதித்து விளையாடிய கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பு. அந்த எழுத்தை இப்போது தட்டுத்தடுமாறி வாசிப்பேன் என்று நினைக்கிறேன்.

அக்கா