நம் சபையின் மிஷன் ஊழியத்துக்காகப் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பகோலோட்டில் இருக்கும் சாமுவுக்கு

சாமு கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் பதில் வரும், அதனால் கேட்கவில்லை. இதை நானேதான் போனில் தட்டுகிறேன், தங்கச்சியிடம் கொடுக்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் சாப்பாடு. காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறாயா? ஆறரைக்கு எழுந்து, அரை மணி உடற்பயிற்சி செய்து, குளித்து, எட்டு மணிக்கு வேதம் படிக்க உட்கார்ந்துவிட வேண்டும் என்று மணிலாவில் பயிற்சியில் இருந்தபோது எழுதியிருந்தாய். இதில் சமைக்க எங்கே நேரம்? மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர் என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். சோறு இருந்தால் ஆச்சா, தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டாமா? அங்கே எதை எடுத்தாலும் கருவாடு, பன்றிக்கறி, அந்தக் கறுப்பு ரத்தக் குழம்பு. நீ மீன் கழுவின தண்ணீர் வாசத்துக்கே எழுந்து போகிற பிள்ளை. ஆனாலும் சபை வீடுகளில் கூப்பிட்டுப் போட்டால் ஒரேயடியாக மறுக்காதே. அவர்களும் கரும்புக் காட்டுக் கூலிக்குப் போகிறவர்கள், இருப்பதில் உங்களுக்குப் போடுகிறார்கள். கொஞ்சமாக வாங்கிக்கொள். குஞ்சோடு அவிக்கிற அந்த வாத்து முட்டையை மட்டும் வேண்டாம் என்று சொல், அது தப்பில்லை. பச்சைப்பயறு அங்கே முங்கோ என்று கடையில் கிடைக்கிறது என்று நீதானே சொன்னாய். ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் சீக்கிரம் வெந்துவிடும். நாலு பல் பூண்டு, உப்பு, அவ்வளவுதான். இதற்கு நேரமில்லை என்று சொல்லாதே.

இப்போது உன்னோடு ஜோடி சேர்த்திருக்கிற புதுக் கம்பேனியன் சமைப்பானா? அவன் பேர்கூட நீ எழுதவில்லை. தோங்கா தேசத்துப் பையன் இருந்தவரைக்கும் உன் கடிதமெல்லாம் அவன் கதைதான். அவன் சைக்கிள் செயின் அறுந்தது, நாய் துரத்தி அவன் சுவர் ஏறினது, ஒரே உட்காரலில் அவன் தின்ற சோறு. வீடியோவில் எட்டிப் பார்த்து என்னை "அம்மா" என்று கூப்பிடுவான். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும் என்பது தெரிந்ததுதான். "டிரான்ஸ்பர் வந்தது, இப்போ வேற எல்டர்" என்று ஒரே வரி எழுதினாய், அத்தோடு சரி. இரண்டு பேரும் ஒருத்தர் கண்ணைவிட்டு ஒருத்தர் விலகக் கூடாது என்பது உங்கள் சட்டம். தூங்கினாலும் ஒரே அறை, தெருவில் நடந்தாலும் பக்கத்தில். மனசு ஒத்துப்போகாவிட்டால் அது லேசான காரியமில்லை. உங்கப்பாவாவது காலையில் கிரைண்டர் பட்டறைக்குக் கிளம்பிப் போய்விடுகிறார், அதனால் எங்கள் வண்டி ஓடுகிறது.

போன திங்கள்கிழமை நீ ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில் எனக்கு முகமே தெரியவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, துணி துவைக்கணும் என்று வைத்துவிட்டாய். துணி எங்கே ஓடிப் போகிறது? நம் ரோஸி அக்கா மகன் மிஷன் போன காலத்தில் வருஷத்துக்கு இரண்டே போன்தான் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. அந்த அக்கா ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொள்ளும். 2019-ல்தான் வாரா வாரம் பேசலாம் என்று சபை விட்டது. அது உனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. போகட்டும்.

தங்கச்சி பரிட்சை நல்லா எழுதியிருக்கிறாள், அவளே உனக்குச் சொல்வாள். அம்மாயிக்கு முழங்கால் வலி தேவலை. நீ டீ, காப்பி தொடாமல் மழையில் அலைகிறாய் என்று அதற்கு இன்னும் ஆத்திரம். "காப்பித்தண்ணியைக்கூடக் குடிக்காதேன்னு சொல்ற சாமி என்ன சாமி" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறது. 1833-லேயே நம் சபைக்கு வந்த கட்டளை என்று உங்கப்பா விளக்கினார். அப்போது இவர் எங்கே இருந்தாராம் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

மிஷன் தலைவர் வீட்டம்மா அனுப்பின குரூப் போட்டோ வந்தது. எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜ். நீ இரண்டாவது வரிசையில் ஓரமாக நிற்கிறாய். அந்தச் சட்டை நான் தைத்தது, கழுத்து பதினைந்து. நீ கிளம்புகிற அன்றைக்குப் பட்டன் போட்டுப் பார்த்தபோது ஒரு விரல்தான் உள்ளே போனது. போட்டோவைப் பெரிசாக்கிப் பார்க்கிறேன், டையை இறுக்கினதில் காலர் முன்னால் மடிந்து சுருங்கி நிற்கிறது, தோள் தையல் கைமேல் இறங்கியிருக்கிறது. துணி அப்படி விரிந்து கொடுக்காது கண்ணு, அது மிக்ஸ் காட்டன். ஊரார் உடம்பை அளந்துதான் நான் சம்பாதிக்கிறேன். என்னிடம் "அதே வெயிட்தாம்மா" என்று சொன்னால் எப்படி?

உங்கப்பா இதையெல்லாம் பார்ப்பதில்லை. அவர் பார்த்தது பேட்ஜை. நமக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது, அதனால் அங்கே ஊரே உன்னை அவர் பேரைச் சொல்லித்தான் எல்டர் என்று கூப்பிடுகிறது என்பதில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. என்னால் அப்படி உன்னைக் கூப்பிட முடியுமா சொல்! பட்டறையில் எல்லாருக்கும் உன் போட்டோவைக் காட்டியாயிற்று. நானும் லேசுப்பட்டவள் இல்லை. நீ அந்த ஊர் இலோங்கோ பாஷையில் சாட்சி சொன்ன வீடியோவை ஜாக்கெட் தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறேன். பிளஸ் டூவில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, வேற்று தேசத்தில் வேற்றுப் பாஷையில் அத்தனை பேர் முன்னால் நின்று பேசுகிறாய். அந்தப் பெருமை அந்தப் பெருமைதான். அது எங்கேயும் போகாது, இரண்டு வருஷம் முடித்தாலும் சரி, எப்படியானாலும் சரி.

பீளமேட்டுப் பையனை உனக்கு நினைவிருக்கும். மிஷன் போய் நாலு மாசத்தில் திரும்பி வந்தானே, அவன்தான். வந்த புதிதில் சபையில் ஆளாளுக்கு விசாரித்தார்கள். உடம்புக்கு முடியலையா, ஏதாவது தப்புப் பண்ணிட்டானா என்று. அவன் அம்மா கொஞ்ச நாள் திருவிருந்துக்கே வரவில்லை. இப்போது அவன் கணபதியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். போன வாரம் என் தையல் மெஷின் மோட்டார் நின்றுபோனது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் அப்படியே உட்கார்ந்து கழற்றி, கார்பன் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். இட்லி ஆறு சாப்பிட்டான். அங்கே தூக்கமே வரலை ஆன்ட்டி, பத்தரைக்கு லைட்டை அணைச்சா விடியறவரைக்கும் கூரையையே பார்த்துட்டுப் படுத்திருப்பேன் என்றான். யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்ன பிறகு அவனை யாரும் திட்டவும் இல்லையாம். நல்ல பையன். எனக்கு அவனைப் பிடிக்கிறது.

அதற்கப்புறம் நான் சும்மா நம் சபைக் கிளைத் தலைவரிடம் பேச்சுக்கொடுத்தேன். உன் பேரை எடுக்கவில்லை, பயப்படாதே, பொதுவாகத்தான் கேட்டேன். மனசு சரியில்லாத பிள்ளைகள் பேசுவதற்கென்றே ஆட்களைச் சபை வைத்திருக்கிறதாம், மிஷன் தலைவரிடம் சொன்னால் ஏற்பாடு பண்ணுவாராம். வாரா வாரம் அவருக்கு நீ கடிதம் எழுத வேண்டும்தானே, அதில் என்ன எழுதுகிறாய்? எங்களுக்கு எழுதுவதைப் போலவே எல்லாம் நல்லபடி என்றா? அவருக்காவது உள்ளதை எழுது. சொந்த ஊரில் இருந்துகொண்டே செய்கிற சேவை மிஷனும் இருக்கிறதாம், நடுவிலேகூட அதற்கு மாற்றுவார்களாம். இங்கே அது எப்படி என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றார். உனக்காகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தீவில் இருக்கிற கன்லாவோன் எரிமலை 2024-ல் ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை வெடித்திருக்கிறது. நீ அதைப் பற்றி மூச்சே விடவில்லை, நான் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாம்பல் விழுந்தால் மூக்கில் துணி கட்டிக்கொள். மழையில் நனைந்த ஷூவை மறுநாளும் மாட்டாதே, கால் விரல் இடுக்கில் புண் வரும். நாய் கடித்தால், பல் லேசாகப் பட்டிருந்தாலும் சரி, அன்றைக்கே ஊசி. முங்கோவை ராத்திரியே ஊறப்போடு.

நம் சபையின் பெங்களூர் ஆலயத்துக்கு 2020 டிசம்பரில் அஸ்திவாரம் போட்டதிலிருந்து உங்கப்பா சாமு வந்தப்புறம் குடும்பத்தோடு போவோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ எப்போது வந்தாலும் ரயில் இருக்கிறது.

இந்தத் திங்கள்கிழமை உனக்குப் பதினொரு மணிக்கு முன்னால் கூப்பிடு, அப்போதுதான் இங்கே எட்டரை ஆகும், அப்பா கிளம்பியிருக்க மாட்டார். அவரிடம் பேசு, சந்தோஷப்படுவார். வைத்துவிட்டு, பன்னிரண்டுக்கு மேல் இன்னொரு தடவை என் நம்பருக்குக் கூப்பிடு. தங்கச்சியும் காலேஜ் போயிருப்பாள், அம்மாயி படுத்துவிடும், நான் மட்டும்தான் இருப்பேன். அந்தப் புதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன, அவனுக்குத் தமிழ் தெரியாது.

அம்மா