65 லிட்டர் பை உனக்கு வேண்டாம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். தீபாவளிக்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை என்று நீ எழுதியிருந்த வசவுகளை வரிசை பிசகாமல் பெற்றுக்கொண்டேன். பதிலை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது அவசரமாக எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. ஆகஸ்டில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறாய் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். அதற்காக மாப்பிள்ளை இணையத்தில் 65 லிட்டர் முதுகுப்பை ஒன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறார் என்பதைப் படித்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. மாப்பிள்ளை மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பையை வாங்க விடாதே.

கூடாரம், அடுப்பு, தூங்குபை, நான்கு நாள் அரிசி பருப்பு என்று அனைத்தையும் தானே சுமந்து காட்டில் தங்குகிறவனுக்கு உரியது 65 லிட்டர். நீ போகும் இடத்தில் அதற்கெல்லாம் வேலையே இல்லை. கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப் போகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் மலையேறினால் காங்கரியா. அங்கே விடுதிகளும் குருத்வாராவும் இருக்கின்றன. பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதி இல்லை; பார்த்துவிட்டு மாலைக்குள் காங்கரியாவுக்கே திரும்பிவிட வேண்டும். ஆகவே இரண்டு மாற்றுடை, ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, மருந்து, தண்ணீர் இவ்வளவுதான் உன் மூட்டை. 30 முதல் 35 லிட்டர் தாராளம். பை பெரிதாக இருந்தால் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு மனிதனால் சும்மா இருக்க முடியாது. பையில் இடம் இருக்கிறதே என்று நம் வகுப்புத் தோழன் சம்பந்தம் இட்லிக் குக்கரைத் திணித்துக்கொண்டு வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மேலும் அந்தப் பெரிய பைகள் வெறுமையாகவே இரண்டு கிலோவைத் தொடும். டேராடூன் வரை விமானத்தில் போவதாக எழுதியிருக்கிறாய். உள்நாட்டு விமானங்களில் கையோடு எடுத்துச்செல்லப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. அதில் இரண்டு கிலோவைப் பைக்கே தானம் செய்வது என்ன கணக்கு? ஒருநாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்று மலையேறுகிறவர்கள் சொல்வார்கள். நீ 70 கிலோ இருக்கிறாய். ஆகவே உனக்கும் அதே 7 கிலோதான்.

லிட்டர் கணக்கு இருக்கட்டும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது முதுகின் நீளத்தைப் பற்றி. நீ ஆறடி இருக்கிறாய் என்பதற்காக மாப்பிள்ளை லார்ஜ் அளவில் பை பார்த்திருக்கிறார். உன் உயரம் எங்கே இருக்கிறது என்று நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே! கொக்கு என்று உனக்குப் பெயர் வைத்தவர்கள் உன் முதுகைப் பார்த்தா வைத்தார்கள்? பைக்கு வேண்டியது ஆளின் உயரம் அல்ல, முதுகின் நீளம். போன வாரம் சம்பந்தத்துக்குப் பை வாங்க அவனோடு ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பையன் முதலில் பை எதையும் காட்டாமல், அவனைத் தலை குனியச் சொல்லி, கழுத்தின் அடியில் புடைத்துக்கொண்டு நின்ற எலும்பின் மேல் டேப்பின் முனையை வைத்தான். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்னால் முதுகைப் பார்த்து இருக்கும்படி நிற்கச் சொன்னான். அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே கோடு இழுத்தாற்போல நினைத்துக்கொண்டு, முதுகின் வளைவோடு ஒட்டி டேப்பை அதுவரை இறக்கினான். 17 அங்குலம். ஐந்தரை அடி சம்பந்தத்துக்கு 17 என்றால், உனக்கும் அதைவிடப் பெரிதாக ஏதும் வந்துவிடாது என்று பந்தயம் கட்டத் தயார்.

இந்த அளவு ஏன் என்றால், நல்ல பையில் சுமையின் பெரும்பகுதி தோளில் உட்காருவதில்லை, இடுப்பில் உட்காருகிறது. இடுப்புப்பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பை நீளமாக இருந்தால் பட்டை புட்டத்துக்குச் சரியும். குட்டையாக இருந்தால் வயிற்றை இறுக்கும். இரண்டிலும் பாரம் முழுவதும் தோளுக்கே திரும்பிவிடும். சின்னப் பைகளில் இடுப்புக்கு வெறும் நாடா ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். பை ஆடாமல் இருக்க அது உதவும், சுமையை வாங்காது. பஞ்சு வைத்த அகலமான பட்டையும், முதுகுப் பக்கம் விறைப்பான சட்டமும் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வாங்கு. மாட்டும்போது எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்புப்பட்டை, பிறகு தோள்வார், கடைசியாக நெஞ்சுவார். கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. காலிப் பை எல்லோருக்கும் சுகமாகத்தான் இருக்கும். உள்ளே ஐந்தாறு கிலோவைத் திணிக்கச் சொல்லி, கால் மணி நேரம் நட, படி இருந்தால் ஏறி இறங்கு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். ஐப்பசியில் நீ எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்ததை நான் மறக்கவில்லை. இடது கையில் மரமரப்பு இருந்ததாகவும் அப்போது சொன்னாய். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை தோளின் வழியாகத்தான் போகிறது. கனமான பையின் வார் அதை மணிக்கணக்கில் அழுத்தினால் நல்ல உடம்புக்காரனுக்கே கை மரத்துப்போகும், பிடியின் வலு குறையும். இடுப்புப்பட்டை இல்லாத பைகளில் இந்த ஆபத்து அதிகம். டாக்டரைப் பார்த்துக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதே. நாலாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஹேம்குண்டு குருத்வாராவுக்கும் ஏறப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதையும் அவரிடம் மறைக்காமல் சொல். கோவேறு கழுதை கிடைக்கும், பையை அதன் மேல் போட்டுவிடுவேன் என்று நீ சொல்வாய். போடு, ஆனால் மழைக்கோட்டும் மருந்தும் தண்ணீரும் உன்னோடுதானே வர வேண்டும்?

மற்றவை சில்லறை விஷயங்கள். முதுகில் படாமல் வலை இழுத்துக் கட்டிய பைகளில் காற்றோட்டம் நன்றாக இருக்கும். பாரம் உடம்பைவிட்டுச் சற்று விலகி நிற்பது அதன் குறை. 7 கிலோவுக்கு அது பெரிதாகத் தெரியாது, உன் வியர்வைக்கு அதுவே சரி. பூக்கள் மலர்வதே மழைக்காலத்தில் என்பதால் மழை உறையை மட்டும் நம்பாமல், பைக்குள் கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து அதற்குள் துணிகளை வை. பரணில் கிடக்கும் மகனுடைய கல்லூரிப் பையே போதுமே என்று சிக்கனம் பேசியிருந்தாய். அதன் உட்புறத்தைத் தடவிப் பார். பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உதிர்ந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்பூச்சு கெட்டுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அது மழையைத் தாங்காது.

ஆக, முதலில் டேப்பை எடுத்து மீனாட்சியிடம் கொடுத்து அளக்கச் சொல். நீயே அளந்தால் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்வாய். அளவைப் போனில் சொல்லாமல் எழுதி அனுப்பு, பிறகு பேச்சு மாறக்கூடாது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் திருச்சிக்கு வருகிறேன்; சம்பந்தமும் வருகிறானாம். மூவரும் கடைக்குப் போவோம். மாப்பிள்ளையையும் அழைத்து வா, அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராமு