யாருக்குக் கட்டுகிறது ஜாம்பியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழை நாடுகளின் கடன் என்றதும் 'வாங்கினால் கட்டத்தானே வேண்டும்' என்கிறார்கள் பலர். சரி, யாருக்குக் கட்டுவது?

ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா 1979-இல் ருமேனியாவிடம் டிராக்டர் முதலான விவசாய இயந்திரங்களைக் கடனுக்கு வாங்கியது. கட்ட முடியாமல் நின்றுபோன அந்தக் கடனை, 1999-இல் டொனெகால் இன்டர்நேஷனல் என்ற தனியார் நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அப்புறம் ஐந்தரைக் கோடி டாலர் கேட்டு லண்டனில் வழக்குப் போட்டது. 2007-இல் ஒன்றரைக் கோடிக்கு மேல் அதற்குக் கிடைத்தது. எய்ட்ஸ் மருந்துக்கே திண்டாடிய நாட்டின் பணம் அது!

ஜூபிலி கடன் இயக்கத்தினர் விடாமல் போராடியதால் 2010-இல் பிரிட்டன், ஏழை நாடுகளின் கடனை இப்படி மலிவாக வாங்கி முழுத் தொகையும் கேட்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. அதுவும் பழைய கடன்களுக்கு மட்டும்தான். புதிய கடன்களுக்கும் அது வேண்டும், இத்தகைய கடன் வழக்குகள் நடக்கும் நியூயார்க்கிலும் வேண்டும்.

வரியிலும் இதே கதைதான். ஜாம்பியாவில் மோப்பானி சுரங்க நிறுவனம், அப்போது தன் தாய் நிறுவனமாக இருந்த கிளென்கோருக்குச் செம்பைக் குறைந்த விலைக்கு விற்று லாபத்தைக் குறைத்துக் காட்டிய வழக்கில், 2020-இல் ஜாம்பியா உச்ச நீதிமன்றம் வரித்துறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எல்லா நாடுகளாலும் இப்படி ஆண்டுக்கணக்கில் வழக்காட முடியாது. வரி விஷயத்தில் நாடுகள் ஒத்துழைக்க வழிசெய்யும் ஐ.நா.வின் வரி உடன்படிக்கைக்கு இந்தியா அழுத்தமாகக் குரல் கொடுக்க வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை