எந்த ஆப் என்று கேட்டாயே

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள விசாலு,

இங்கே அப்பச்சியும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். வேலைகளைக் குறித்து வைக்க எந்த ஆப் நல்லது என்று போனில் கேட்டாய். எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தபோது பதில் சொல்ல வரவில்லை. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன். பெங்களூரில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற பெண், பலகாரம் சுடுகிற ஆத்தாளிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று அப்பச்சி சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆர்டர் பிடித்து, நாள் தவறாமல் டின் கட்டி அனுப்புகிறவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நீ அனுப்பிய பெயர்களைப் பார்த்தேன். கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாஃப்ட் டூ டூ, டோடோயிஸ்ட், டிக்டிக், ட்ரெல்லோ. எல்லாவற்றையும் காசு கொடுக்காமல் தொடங்கலாம். எல்லாவற்றிலும் வேலையை எழுதலாம், தேதி போடலாம், முடிந்ததும் டிக் அடிக்கலாம். இந்த அளவுக்கு எதை எடுத்தாலும் ஒன்றுதான். வேலை முடிக்க முடிக்கப் புள்ளி தருவது, இருபத்தைந்து நிமிடத்துக்குக் கடிகாரம் ஓடுவது, கலர் கலராகக் கொடி குத்துவது எல்லாம் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

முதலில் எழுதுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சரியில்லாவிட்டால் எந்த ஆப்பும் உதவாது. தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை காலையில் அதிரசம் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள். 'வெள்ளி, அதிரசம்' என்று எழுதி வைத்தால் வெள்ளிக்கிழமை போன் கடமையாக மணி அடிக்கும், அடுப்படியில் மாவு இருக்காது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டாமல் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் இடித்து, சலித்து, வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, மாவைப் போட்டுக் கிளறி மூடிவைத்தால், இரண்டு மூன்று நாள் அது பாட்டுக்கு இருக்கட்டும். அவசரப்பட்டு அன்றைக்கே தட்டிப் போட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். அதனால் நான் எழுதுவது 'திங்கள், பச்சரிசி ஊறப்போடு' என்றுதான். பெரும்பாலான ஆப்களில் ஒரு தேதிதான் போட இடம் இருக்கும். அதைக் கெடு தேதி என்று நினைக்காமல், கை வைக்கிற தேதி என்று வைத்துக்கொள். உன் மாத அறிக்கைக்கும் இதே கதைதான். '30, அறிக்கை' என்று போடாதே. 'கணக்குப் பிரிவில் எண்களைக் கேள்' என்று அதற்கு ஒரு வாரம் முன்னால் போடு.

அப்புறம், தோன்றியதை உடனே எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார். பர்மாவில் கடை நடந்த காலத்தில் அன்றாட வரவு செலவு முதலில் சிட்டையில் விழும், பிறகு உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். ஆப்பிலும் அப்படித்தான்: முதலில் எங்கேயாவது கொட்டிவிட வேண்டும், ராத்திரி பிரித்து அடுக்கிக்கொள்ளலாம். எழுதும்போதே எந்தப் பிரிவு, எந்தக் கலர், எவ்வளவு முக்கியம் என்று விசாரணை நடத்துகிற ஆப் எனக்குப் பிடிக்காது. முறுக்குச் சுற்றுகிற கையோடு நான் சுண்டுவிரலால் மைக்கை அழுத்தித் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். கூகுள் 2017லேயே தமிழில் பேசி எழுத வழி செய்துவிட்டது. டோடோயிஸ்ட்டில் 'டுமாரோ ஃபைவ் பிஎம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதுவே தேதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 'நாளை சாயங்காலம்' என்றால் அதற்குப் புரியாது. உனக்கு ஆங்கிலம் சரளம் என்பதால் அது பெரிய வசதி, எனக்கு இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. ஆபீஸ் வேலைக்கு ஆபீஸில் என்ன வைத்திருக்கிறார்களோ அதையே வைத்துக்கொள். பத்துப் பேர் சேர்ந்து செய்கிற வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க ட்ரெல்லோ மாதிரிப் பலகை நன்றாக இருக்கும், பால் வாங்குவதற்கு அது எதற்கு? நீ ஆப் தேடுவது ஆபீஸ் வேலைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். குழந்தைக்குத் தடுப்பூசி, ஸ்கூல் ஃபீஸ், காஸ், கார் இன்ஷூரன்ஸ், மாமியாரின் மாத்திரை, எல்லாம் உன் தலையில்தான் இருக்கின்றன. மாப்பிள்ளை நல்லவர், சொன்னால் செய்கிறார். சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுவே ஒரு வேலை இல்லையா? நீ மட்டும் பார்க்கிற ஆப் ஒன்றை எடுத்தால், அது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், தலையில் இருக்கிறதைப் போனுக்கு மாற்றினது மட்டும்தான் மிச்சம். அதற்கப்புறமும் நீதான் எடுத்துப் பார்த்து அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பாய். ஆகவே மாப்பிள்ளையும் திறக்கிற ஆப் எதுவோ அதை எடு.

இப்படிப் பார்த்தால் உன் பட்டியல் தானாகவே சின்னதாகிவிடும். கூகுள் டாஸ்க்ஸ் ஜிமெயிலோடும் காலண்டரோடும் அழகாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் நம்மைப் போன்றவர்கள் வைத்திருக்கிற சாதாரணக் கணக்கில் பட்டியலை இன்னொருவரோடு பகிர முடியாது. ஐபோனோடு வருகிற ரிமைண்டர்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, பகிரவும் செய்யலாம். ஆனால் மாப்பிள்ளை கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. மைக்ரோசாஃப்ட் டூ டூ இரண்டிலும் ஓடும். லிங்க் அனுப்பிப் பட்டியலைப் பகிரலாம், எந்த வேலை யார் பெயருக்கு என்றும் போடலாம். 'மை டே' என்று அன்றைக்கான பட்டியல் ஒன்று உண்டு, அது ராத்திரியோடு காலியாகிவிடும். முடியாதவை தொலைந்துபோகாது, அதனதன் பட்டியலில் இருக்கும். நேற்றைய மிச்சம் காலையில் முகத்தில் அடிக்காமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. டோடோயிஸ்ட்டிலும் பகிரலாம். அது 2007இலிருந்து இருக்கிற பழைய ஆள். ஆனால் காசில்லாத கணக்கில் பிரிவுகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஆப்பே ஒருநாள் மூடிவிட்டால் என்ன செய்வது என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்விதான். வுண்டர்லிஸ்ட் என்று ஒன்று பேரும் புகழுமாக இருந்தது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடியும்விட்டது. பட்டியல்களை டூ டூவுக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். எதை எடுத்தாலும் எழுதினதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள். லாக்கர் நம்பர், ஏடிஎம் பின் எதையும் அதில் எழுதாதே.

மணி அடிக்கவில்லை என்று பலர் ஆப்பைத் திட்டுகிறார்கள், பாதி நேரம் காரணம் போன்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பயன்படுத்தாத ஆப்களைத் தூங்க வைக்கிற ஏற்பாடு ஆண்ட்ராய்டில் 2015இலேயே வந்துவிட்டது. 2022இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து புதிதாகப் போடுகிற ஆப் நம் அனுமதி கேட்டுத்தான் அறிவிப்பு காட்டும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தால் அவ்வளவுதான். மாப்பிள்ளை போனில் செட்டிங்ஸுக்குப் போய், அந்த ஆப்புக்கு அறிவிப்பு திறந்திருக்கிறதா, பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று இருக்கிறதா என்று நீயே பார்த்துவிடு. ஐந்து நிமிடம் கழித்து ஒரு நினைவூட்டல் போட்டு, போனை மூடி வைத்து, அடிக்கிறதா என்று பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த ஆப்பையும் நம்பாதே. நம் நாட்கள் அதற்குத் தெரியாது. மாதா மாதம் 5ஆம் தேதி, வருடா வருடம் ஜூன் 12 என்றால் திரும்பத் திரும்பச் சொல்லும். பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் பார்த்து வருவது. அதற்கு எந்தப் பொத்தானை அழுத்துவாய்? ஐயாவின் திதியும் அப்படித்தான். புதுக் காலண்டர் வந்ததும் நான் அப்பச்சியை உட்காரவைத்து அந்தந்த வருடத்துத் தேதிகளைப் பார்த்துப் பதிந்துவிடுகிறேன். நோன்பன்று இழை எடுத்துக்கொள்ள, அதாவது மாவில் வைத்து ஏற்றிய திரியை வாயில் போட்டுக்கொள்ள, நீங்கள் வர வேண்டும் என்றால் ரயில் டிக்கெட்டை எப்போது போடுவது என்று அதற்கு முன்னாலேயே ஒரு வரி சேர்த்துவிடுவேன்.

டூ டூவைப் போட்டு 'வீடு' என்று ஒரு பட்டியல் தொடங்கி மாப்பிள்ளைக்கு லிங்க் அனுப்பு. ஒரு மாதம் வேறு எதையும் தேடாதே. 'ஊர்' என்று இன்னொன்று தொடங்கி எனக்கும் அண்ணனுக்கும் அனுப்பு. நம் வீட்டு இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால் ஆள் பிடிக்க வேண்டும். அதை அண்ணன் பெயருக்குப் போடு, நான் போட்டால் கோபப்படுவான்.

மாவுருண்டையும் சீப்புச் சீடையும் பார்சலில் வருகின்றன. குழந்தைக்குச் சீடையைக் கொடுக்கும்போது உடைத்துக் கொடு.

அன்புடன்,
ஆத்தா