காம்ஸ்டாக் சட்டத்தில் மிச்சமிருப்பதையும் நீக்குங்கள்

அமெரிக்க காங்கிரஸின் இரு அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு ஓட்டுப் போடுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

காம்ஸ்டாக் சட்டம் 1873 மார்ச்சில் அதிபர் கிராண்ட் கையெழுத்திட்டது. ஆபாசமானவற்றோடு கருத்தடை, கருக்கலைப்புச் சாதனங்களையும் தபாலில் அனுப்புவது குற்றம் என்றது. இதற்காக அலையாய் அலைந்த ஆந்தனி காம்ஸ்டாக்கையே அஞ்சல் துறையின் சிறப்பு அதிகாரியாகவும் போட்டார்கள். புகார் கொடுத்தவரே போலீஸ்!

கருத்தடையை இதிலிருந்து எடுக்க உங்களுக்கு 1971 வரை ஆனது. அதற்கு வெகு முன்பே நீதிமன்றங்கள் சட்டத்தைச் சுருக்கத் தொடங்கிவிட்டன. ஜப்பானிலிருந்து நியூயார்க் டாக்டர் ஹன்னா ஸ்டோனுக்கு வந்த கருத்தடைச் சாதனப் பார்சலைச் சுங்கத்துறை பிடித்துவைத்தது. மருத்துவர் தன் தொழிலுக்காக வரவழைப்பதைத் தடுக்க முடியாது என்று 1936இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கருக்கலைப்பு பற்றிய வரிகளோ கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 1461, 1462 பிரிவுகளில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. மருந்து சட்டவிரோதமாகப் பயன்பட வேண்டும் என்ற நோக்கம் அனுப்புகிறவருக்கு இல்லையென்றால் குற்றமில்லை என்று 2022 டிசம்பரில் நீதித்துறை அமைச்சகம் கருத்துச் சொன்னது. சரி, பின்னால் வரும் அரசு ஒன்று அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றால்? 2024 மார்ச்சில் மிஃபெப்ரிஸ்டோன் என்ற கருக்கலைப்பு மாத்திரை வழக்கு விசாரணையில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலிட்டோ இதே சட்டத்தைக் கிளப்பினார். வழக்குத் தொடுத்தவர்களுக்கு அந்த உரிமையே இல்லையென்று ஜூனில் தள்ளுபடியானதால் கேள்வி தொங்கலில் நிற்கிறது.

ஆபாசமானவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை போடும் இறக்குமதி விதி இதைவிட வேடிக்கை. ஆபாசப் புத்தகத்தையோ படத்தையோ வீட்டில் வைத்திருப்பது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1969இல் சொன்னது. சொந்த உபயோகத்துக்கே என்றாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் பறிமுதல் செய்யலாம் என்று 1973இல் அதே நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் அது வீட்டு அலமாரியில் தானாக முளைக்க வேண்டுமா?

குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களுக்குத் தனிச் சட்டங்கள் கடுமையாகவே இருக்கின்றன. அவற்றைத் தொடச் சொல்லவில்லை.

கருக்கலைப்பு வரிகளை நீக்கும் மசோதாவை செனட்டர் டினா ஸ்மித் 2024 ஜூனில் கொண்டுவந்தார். ஓட்டெடுப்புக்கே வரவில்லை. அதைத் தூசி தட்டி எடுங்கள். வயதுவந்தவர் இத்தகைய புத்தகத்தையோ படத்தையோ தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவதற்கு 1462ஆம் பிரிவிலும், 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 305ஆம் பிரிவிலும் விலக்குக் கொடுங்கள். யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று பெயரோடு பதிவாகும்படி ஓட்டெடுப்பும் நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளன்