சுற்றுச்சூழல் கண்காட்சி: மேடை குறையட்டும், மேசைகள் பெருகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியதை நினைவூட்டும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஐயும், 1970 முதல் புவி நாளாகக் கடைப்பிடிக்கப்படும் ஏப்ரல் 22-ஆம் நாளையும் ஒட்டி, குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிகளும் தன்னார்வக் குழுக்களும் பொதுமக்களுக்காக இலவசச் சுற்றுச்சூழல் கண்காட்சிகளை நடத்திவருவது வரவேற்கத்தக்கது. ஆயினும் அவற்றுள் பல, வரவேற்புரை, சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை என்ற வழக்கமான வரிசையிலேயே முடிந்துவிடுகின்றன. வந்தவர்கள் ஒரு துணிப்பையையும் சில துண்டறிக்கைகளையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். மேடைக்கு யாரை அழைப்பது என்பதைவிட, வருகிறவர் அங்கே எந்த வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பதை அமைப்பாளர்கள் முதலில் தீர்மானித்தால், அதே உழைப்புக்குப் பன்மடங்கு பயன் கிடைக்கும் என்பது என் கருத்து.

மின்னணுக் கழிவுச் சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உருவான மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. பழைய கைப்பேசியும் அறுந்த சார்ஜரும் அலமாரியில் தூங்குவதற்கு அக்கறையின்மை மட்டும் காரணமல்ல. எங்கே கொடுப்பது என்று தெரியாததும், உள்ளே இருக்கும் படங்கள் யார் கையில் போய்ச் சேருமோ என்ற அச்சமும் காரணங்களே. ஆகவே சேகரிப்பு மேசையில் விவரம் தெரிந்த ஒருவர் அமர்ந்து, சிம் அட்டையைக் கழற்றித் தந்து, நினைவகத்தை உரியவர் கண்முன்னே அழித்துக் காட்டினால் மக்கள் தயங்காமல் கொடுப்பார்கள். அதற்கும் முன்னதாக, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர் ஒருவருடன் எதையெல்லாம் ஏற்பார், எப்போது வண்டி அனுப்புவார் என்று எழுத்துமூலம் பேசி முடித்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் சேகரிப்பை அறிவிப்பது, பல வீடுகளில் பிரிந்து கிடந்த ஆபத்தை ஒரே இடத்தில் குவிப்பதில்தான் முடியும். உப்பிய லித்தியம் பேட்டரியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போடக் கூடாது. அதை மணல் நிரப்பிய வாளியில் தனியே வைக்க வேண்டும். ஏனைய பேட்டரிகளின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டாவிட்டால், ஒன்றோடொன்று உரசிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். பழைய ஃபுளோரசன்ட் குழல் விளக்குகளில் பாதரசம் இருப்பதால் அவை உடையாமல் இருக்கத் தனி அட்டைப்பெட்டி வேண்டும்.

உரம் தயாரிக்கும் அரங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அங்கே புதிதாக வாங்கிய காலித் தொட்டியும் ஒரு விளக்கப் படமுமே இருக்கும். காலித் தொட்டியைப் பார்த்து யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. மூன்று மாதங்களுக்கு முன்பே ஒரு தொட்டியையும், ஒரு மாதத்துக்கு முன்பு இன்னொன்றையும், அந்த வாரத்தில் மூன்றாவதையும் தொடங்கி, மூன்றையும் அருகருகே திறந்து வைத்தால், சமையலறைக் கழிவு படிப்படியாக மண்நிறம் கொள்வதைப் பார்வையாளர் தாமே காணலாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியச் சொல்லுங்கள்: விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் எட்டிப் பார்த்தால் ஈரப்பதம் சரி, ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரக் கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு சேர வேண்டும் என்ற கணக்கு அப்போது மனத்தில் பதியும். பலரும் முயன்று கைவிடுவதற்குக் காரணமான துர்நாற்றம் காற்றும் சருகும் குறைந்ததால் வருவதுதான் என்பதையும், கிளறிச் சருகு சேர்த்தால் அது அடங்கும் என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம்.

பழுதுபார்க்கும் மேசையும் அவசியம். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிவைத்த பழுதுபார்ப்புக் கூடங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. பொருளைக் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கமில்லை. உரியவரும் தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். பிளக்கில் கழன்ற ஒரு வயருக்காகவே தூக்கி எறியப்படவிருந்த மின்விசிறி மீண்டும் சுழன்றால், எந்தச் சிறப்புரையும் அதற்கு ஈடாகாது.

விழாவே குப்பையைப் பெருக்கக் கூடாது என்பதை ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் நுழைவாயிலில் ஃபிளெக்ஸ் பதாகை தொங்குகிறது. பாலியெஸ்டர் துணிமேல் பிவிசி பூசிய அந்தப் பொருளை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். ஆண்டும் நாளும் குறிக்காமல் துணியில் எழுதினால் அடுத்த ஆண்டும் அதையே கட்டலாம். “மக்கும்” கோப்பைகளிலும் கவனம் தேவை: பாலிலாக்டிக் அமிலம் என்ற தாவரவழி பிளாஸ்டிக்கால் ஆனவை மக்குவதற்கு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நீடிக்கும் பெரிய உரக்கூடம் வேண்டும், வீட்டுத் தொட்டியில் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். குடிநீர்த் தொட்டியை வைத்துவிட்டு, பாட்டில் கொண்டுவரும்படி அழைப்பிதழிலேயே அச்சிடுவது எல்லாவற்றையும்விட எளிது. கேட்டவர்க்கெல்லாம் மரக்கன்று கொடுப்பதையும் நிறுத்தலாம். நட இடமும் தண்ணீர் ஊற்ற ஆளும் உண்டு என்று சொல்பவரிடம் மட்டும் கொடுத்தால் போதும்.

அனுமதி இலவசமாக இருப்பதால் செலவை யாரோ ஏற்கத்தான் வேண்டும். நன்கொடையாளர் தம் பொருள்களைப் பசுமை முத்திரையோடு விற்கும் கடைவீதியாக அரங்கை மாற்றிவிடாதபடி, விற்பனைக்கு இடமில்லை என்ற நிபந்தனையை முதலிலேயே வைப்பது நல்லது. சக்கர நாற்காலி செல்லும் வழி, நிழல், கழிப்பறை ஆகியவற்றுக்குப் பணம் போதாவிட்டால் வெட்ட வேண்டியது நினைவுப்பரிசுகளைத்தான்.

வருகிறவர்களுக்கும் கடமை உண்டு. வெறுங்கையோடு வந்து சுற்றிப் பார்ப்பதைவிட, பழுதான பொருளையோ, உரத்தொட்டியில் புழு நெளியும் படத்தையோ, வீட்டில் எழுந்த ஒரு கேள்வியையோ கொண்டுவந்தால், அரங்கில் நிற்பவருக்கும் பேச ஒரு காரணம் கிடைக்கும். குழந்தைகளை வண்ணம் தீட்டும் மூலையில் விட்டுவிடாமல் தொட்டியைக் கிளறவும் விடுங்கள். கை அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம்.

நிறைவாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கண்காட்சிகளைப் பற்றிய செய்தியில் குத்துவிளக்கேற்றும் படத்துக்குப் பதிலாக, எத்தனை கிலோ மின்னணுக் கழிவு சேர்ந்தது, அது யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, எத்தனை பொருள்கள் பழுதுநீங்கின என்ற விவரங்களை அமைப்பாளர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள். செய்தியாளர் அப்படிக் கேட்பார் என்று தெரிந்தால், திட்டமிடுவோர் முதல் கூட்டத்திலேயே எடைத்தராசுக்கும் பதிவேட்டுக்கும் ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்